அகலம் தப்பிய பாயின்ட் ஷூ: ஒரு பாலே மாணவியின் பெருவிரல் வலி

மாணவிக்கு வயது 14. வீடு நங்கநல்லூர் பக்கம். ஆறு வயதில் பரதநாட்டியத்தில் சேர்த்தார்கள். பத்து வயதில் மேற்கத்திய நடனமான பாலேவும் சேர்ந்துகொண்டது, இப்போது வாரத்துக்கு மூன்று வகுப்பு. பிசியோதெரபிஸ்டான என்னிடம் பெருவிரல் வலியோடு வந்தபோது, விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூ போட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது கால் பெருவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இடது நகத்தில் கறுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. வலது குதிகாலுக்கு மேலே, தசைநாண் மீது, ரிப்பன் பதிகிற இடத்தில் சிவந்த தடம். பெற்றோரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வலிக்கு என்ன காரணம் என்பதில் கருத்துக்குப் பஞ்சமே இல்லை. கணுக்காலில் பலம் போதவில்லை என்று பாலே வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது பரதநாட்டிய டீச்சரின் கட்சி. கால்சியம் குறைச்சல் என்று முடிவுகட்டிப் பாட்டி தினமும் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஷூவை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

"பன்னெண்டாயிரம் ஆச்சு மேடம், கஸ்டம்ஸோட சேர்த்து. வெளிநாட்டு சரக்கு. அதுல என்ன தப்பிருக்கப் போவுது?" என்றார் அம்மா.

முதல் நாள் அவர்கள் ஷூவைக் கொண்டுவரவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் வரும் நடனப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். பாதத்தைப் பார்ப்போம், தரை சிமென்ட்டா மரமா என்று கேட்போம், அதோடு சரி. பாலேவில் தரைக்கும் பாதத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பரிசோதிப்பதில் பாதி விஷயம் விட்டுப்போகும். அடுத்த முறை ஷூவோடு வரச் சொல்லிவிட்டு, அன்று பாதத்தை மட்டும் பார்த்தேன்.

முதலில் பயப்பட வேண்டியவை. பாலே ஆடுகிறவர்களுக்கு இரண்டாவது பாத எலும்பின் அடிப்பகுதியில் அழுத்த முறிவு வருவது தெரிந்த விஷயம். பெருவிரல் மூட்டுக்கடியில் இருக்கும் குட்டி எலும்புகளும் நோகும். கணுக்காலுக்குப் பின்னால் கூடுதல் எலும்பு ஒன்று இருந்து, பாதத்தை முழுக்க நீட்டும்போது நசுங்கி வலிப்பவர்களும் உண்டு. இவளுக்கு அந்த இடங்களை அழுத்தியபோது வலி இல்லை. எலும்பு மருத்துவர் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, மெலியவேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கிறாளா என்பதையும் கேட்டேன். வளரும் வயதில் ஆட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் எலும்புதான் முதலில் கணக்குக் கேட்கும். இரண்டிலும் குறையில்லை. பாட்டியின் கஞ்சி வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பலவீனம் என்ற குற்றச்சாட்டு. பாயின்ட்டில், அதாவது விரல்நுனியில், ஏற, பாதம் கணுக்காலில் முழுதாக நீண்டு, முழங்காலுக்குக் கீழே இருக்கும் கால் எலும்போடு ஒரே கோட்டுக்கு வரவேண்டும். இதைப் பார்க்க எளிய வழி ஒன்று: காலை நீட்டி உட்காரவைத்து, பாதத்தை முடிந்தவரை நீட்டச் சொல்லி, கணுக்காலின் முன்பக்கம் ஒரு பென்சிலை நீளவாக்கில் வைப்பது. பென்சில் ஆடாமல் படிந்து உட்கார்ந்தால் நீட்டம் போதும். இவளுக்குப் படிந்தது. ஒற்றைக் காலில் நின்று உடம்பை முன்னால் சாய்த்து, முழங்காலை மடக்கி நிமிரும் சோதனையிலும் முழங்கால் உள்ளே விழவில்லை. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னபோதுதான் ஒன்று தெரிந்தது. முழங்கால் மடங்கியிருந்தால் சளைக்காமல் ஏறுகிறாள். முழங்காலை நிமிர்த்தி ஏறச் சொன்னால் சீக்கிரமே களைத்துக் கணுக்கால் ஆடுகிறது.

இதற்கு விளக்கம், முழங்காலை மடக்கி நின்று ஆடும் அவளுடைய எட்டு வருட அரைமண்டியில் இருக்கிறது. பரதநாட்டியத்தின் குதித்து மெட்டு அடவில் விரல்மூட்டில் குதித்து நின்று குதிகாலைத் தட்டும்போது முழங்கால் மடங்கியே இருக்கும். கெண்டைக்காலின் உள்தசை அதில் நன்றாகப் பழகிவிடும். முழங்காலைத் தாண்டி மேலே போகும் வெளித்தசை நிமிர்ந்த காலில்தான் முழுதாக வேலை செய்கிறது. குதிகாலைத் தூக்கி மேலே ஏறும் பாலேவின் ரெலெவே கேட்பது இந்த வெளித்தசையை. ஆக, வகுப்பில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் கெண்டைக்கால் களைத்தால் கணுக்கால் ஆடும், கால் இறங்கும். நகத்தடியில் ரத்தம் கட்டுவதற்கு அது போதாது. அதுவும் பெருவிரலில் மட்டும்.

மறுமுறை ஷூ வந்தது, பிளாஸ்டிக் பையில், இறுக முடிச்சுப் போட்டு. பையைத் திறந்ததும் பூசண வாடை.

பாயின்ட் ஷூவின் நுனியில் மரக்கட்டையோ இரும்போ இருக்கிறது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. பழைய முறையில் செய்யும் ஷூவில் அப்படி எதுவும் கிடையாது. துணி, காகிதம், சாக்குத்துணி என்று அடுக்கடுக்காகப் பசை தடவி, விரல்களைச் சுற்றிக் கூடுபோல இறுகவைத்து, சூட்டில் காயவிடுகிறார்கள். இந்தக் கூட்டுக்குப் பெயர் பாக்ஸ். அதன் தட்டையான நுனி பிளாட்ஃபார்ம். பக்கவாட்டில் விரல்மூட்டுகளை அணைத்து நிற்பவை விங்ஸ். உள்ளங்காலைத் தாங்கும் விறைப்பான பட்டை ஷாங்க். இடது வலது என்ற வித்தியாசமும் கிடையாது. பசையின் கலவை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆனாலும் ஆதாரம் மாவுப்பசைதான். சினிமா போஸ்டர் ஒட்டுகிற மைதா பசை மழைக்காலத்தில் என்ன பாடு படுகிறது என்று பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. 1993இல் கேய்னர் மிண்டன் நிறுவனம் பசைக்குப் பதிலாகப் பாலிமரில் பாக்ஸும் ஷாங்கும் செய்து சந்தைக்கு வந்தது. ஈரத்தில் அது ஊறாது. இவள் வாங்கியிருந்தது பழைய வகை.

1832இல் பாரிஸில் விரல்நுனியில் ஆடிப் பெயர் வாங்கிய மரீ தாக்லியோனியின் காலில் இந்தக் கூடு கூடக் கிடையாது. மெல்லிய சாட்டின் செருப்பு, நுனியில் நெருக்கமான ஊசித்தையல், அவ்வளவுதான். கூடு பிற்பாடு வந்தது. எடையை விரல்நுனியிலிருந்து எடுத்து, விரல்களின் பக்கங்களுக்கும் மூட்டுகளுக்கும் உள்ளங்காலுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. நன்றாகப் பொருந்திய ஷூவில் ஆடுகிறவள் பிளாட்ஃபார்மில் விரலை ஊன்றி நிற்பதில்லை; விங்ஸ் அவளை இரு பக்கமும் பிடித்து மேலே நிறுத்தி வைக்கும்.

இவளை ஷூவோடு தரையில் நிற்கவைத்தேன். பார்க்க அழகாகப் பொருந்தியிருந்தது. விரல்கள் நீட்டமாக, மடங்காமல். குதிகாலில் தொய்வு இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாயின்ட்டில் ஏறச் சொன்னேன். ஏறிய நொடியே எல்லாம் மாறிவிட்டது. குதிகால் துணி கொத்தாகச் சேர்ந்தது. அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பது ஷூ பொருத்துபவர்களின் வழக்கம்; மெல்லிய மடிப்பு ஒன்று கிடைத்தால் சரி. இங்கே கைப்பிடி அளவு துணி வந்தது. பாதத்துக்கும் விங்ஸுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. பாதம் பாக்ஸுக்குள் வழுக்கி இறங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்கினால் முதலில் தரையைத் தொடுவது எது நீளமோ அந்த விரல். இவளுக்குப் பெருவிரல்தான் நீளம், மற்றவை படிப்படியாகக் குட்டை. ஐந்து விரலும் பாக்ஸும் சேர்ந்து தாங்கவேண்டிய உடம்பை ஒரு நகம் தாங்கிக்கொண்டிருந்தது.

ஷூவின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது வேறு சாட்சியே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பெருவிரல் படும் இடத்தில் உள்துணி தேய்ந்து, கறுப்பாக, கிண்ணம்போலக் குழிந்திருந்தது. மற்ற விரல்கள் படவேண்டிய இடம் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது.

எப்படி இத்தனை அகலத்தில் வாங்கினார்கள்? அம்மா பொறுப்பாகத்தான் செய்திருக்கிறார். இணையத்தில் இருந்த அட்டவணைப்படி, மகளைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். வந்த எண்ணுக்கு நேரே இருந்தது மிக அகலமான ரகம். "டான்ஸ் ஆடற பொண்ணு, பாதம் பரந்துதானே இருக்கும்னு நானும் நெனைச்சேன்" என்றார்.

பரந்துதான் இருக்கிறது. வெறுங்காலில் நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகலமாக இருப்பதை இந்தியாவிலேயே அளந்து 2009இல் ஆய்வு வெளியாகியிருக்கிறது. வருடக்கணக்கில் தட்டடவும் நாட்டடவும் போட்ட பாதம் எடை இறங்கியதும் விரிந்து தரையைக் கவ்வும். ஆட்டத்துக்கு அதுதான் அழகும் பலமும். ஆனால் பாயின்ட்டில் ஏறும்போது அந்த விரிப்பு மறைந்துபோகிறது. பாத எலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, பாதம் ஒடுங்கிவிடுகிறது. இந்த ஒடுக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குக் கல் மாதிரி அசையாது, சிலருக்கு நன்றாகக் கொடுக்கும். இவளை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைத் தொங்கவிட்டு, முன்பாதத்தைக் கையால் மெல்ல அணைத்துப் பிடித்து அளந்தபோது, நின்றபோது இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் குறைந்தது. பாயின்ட் ஷூவில் ரகத்துக்கு ரகம் அகல வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்கில்தான். தரையில் நிற்கும் காலுக்கு அளவெடுத்து, நுனியில் நிற்கும் காலுக்கு ஷூ வாங்கியிருக்கிறார்கள்.

மற்ற உபத்திரவங்கள் எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையாக வந்தவை. கால் வழுக்கியதால் விரலுக்கு ஜெல் உறை போட்டாள். போதவில்லை என்று அதன்மேல் பஞ்சு வைத்தாள். விரல்நுனியில் மெத்தை கூடினாலும் பக்கங்களில் பிடிமானம் வரவில்லை. ஷூ கழன்றுவிடும் போலிருந்ததால் ரிப்பனை இழுத்துக் கட்டினாள், குதிகாலின் தசைநாண் சிவந்தது. அதற்குள் ஐப்பசி மழையும் வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் வியர்வையில் ஊறிய ஷூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிவாள். மறுநாள் அம்மா அதை மொட்டைமாடியில் காயவைப்பார். ஈரத்தில் பசை இளகியது, வெயிலில் தாறுமாறாக இறுகியது. மெல்ல அணைக்கவேண்டிய விங்ஸ் துவண்டுபோனது.

இதற்கு அப்பா கண்டுபிடித்த வைத்தியம் உடனடிப் பசை. பாலே ஆடுகிறவர்கள் இளகிய ஷூவை இறுக்க அந்த வகைப் பசையைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அது பருத்தியில் பட்டால் வினைபுரிந்து சூடேறும், தோலையே சுட்டுவிடும். அவர் ஊற்றியபோது ஷூவுக்குள் பஞ்சு இருந்திருக்கிறது. லேசாகப் புகை வந்ததாம். நல்லவேளை, கால் உள்ளே இல்லை. பசை நுனியில் மட்டும் தேங்கி, பிளாட்ஃபார்ம் பாறையாகவும் விங்ஸ் துணியாகவும் ஆகிவிட்டது. பெருவிரல் மோதிக்கொண்டிருந்த சுவரை இன்னும் கெட்டியாக்கியதுதான் மிச்சம்.

சிகிச்சையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாயின்ட்டை நிறுத்தினோம், பாலேவை நிறுத்தவில்லை, மெல்லிய சாதாரண ஷூவில் வகுப்பு தொடர்ந்தது. நகத்தடி ரத்தக்கட்டு பழையது, அழுத்தமும் சீழும் இல்லை, அதனால் மருத்துவர் அதைத் துளைக்காமல் விட்டார். நகத்தை நேராக வெட்டச் சொன்னேன், ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும். முழங்காலை நிமிர்த்திக் குதிகால் தூக்கும் பயிற்சி, முதலில் இரண்டு காலில், பிறகு படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில். விரல்களை மடக்காமல் உள்ளங்கால் வளைவை மட்டும் உயர்த்தும் பயிற்சி. குதித்து மெட்டு அடவைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும்படி பரதநாட்டிய டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். அவர் மறுநாளே ஒப்புக்கொண்டார், கூடவே "நான் அப்பவே சொன்னேன்" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கும் அந்த வாதத்தில் கொஞ்சம் சாய்வு. "நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஆள் கெடையாது. பேசாம பரதத்தோட நிறுத்திடட்டுமா மேடம்?" ருக்மிணி தேவியின் கதையைச் சொன்னேன். ரஷ்யப் பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவோடு பழகி, அவர் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். நம் மண்ணின் கலையைத் தேடிப் போகச் சொன்னது பாவ்லோவா. பரதம் அதற்குப் பிறகுதான், கலாக்ஷேத்ரா 1936இல். பாலே பழகிய கால் அடையாறுக்குப் புதிதில்லை. மகளின் முகத்தில் வெற்றி தெரிந்தது. ஆனால் அம்மாவின் கேள்வி நியாயமானது: பொருத்திப் பார்த்து வாங்க ஆள் வேண்டுமே. பாயின்ட் ஷூவைக் காலில் ஏற்றி, பாயின்ட்டில் நிற்கவைத்து, நாலைந்து ரகம் மாற்றிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். அட்டவணை பார்த்து வாங்குவது சூதாட்டம். வெளிநாட்டிலிருந்து வந்ததைத் திருப்பி அனுப்புகிற செலவுக்கு இன்னொரு ஜோடியே வாங்கிவிடலாம்.

சித்தி வீடு சிங்கப்பூரில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அரையாண்டு விடுமுறைக்குப் போனவர்கள் அங்கே ஒரு கடையில் பொருத்திப் பார்த்தார்கள். என் பங்குக்கு ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்திருந்தேன்: நிற்கும்போது அகலம், தொங்கும்போது அகலம், நீளமான விரல் எது, வலி எங்கே. கடையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முதலில் எடுத்ததே இரண்டு ரகம் ஒடுக்கமான, நுனி நோக்கிக் குறுகும் பாக்ஸ். வாம்ப், அதாவது விரல்களின் மேல்பக்கத்தை மூடும் பகுதி, பழையதைவிட உயரம். ஜெல் உறையைத் தூக்கிவிட்டு மெல்லிய துணி உறை கொடுத்திருக்கிறார்கள். ரிப்பனில் தசைநாண் மீது படும் பகுதியில் மட்டும் இழுபடும் எலாஸ்டிக் துண்டு ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள்.

"தரையில நிக்கும்போது இறுக்கமா இருக்கு மேடம். மேல ஏறினா ஒண்ணுமே தெரியல" என்றாள், திரும்பி வந்ததும். பாயின்ட் ஷூ அப்படித்தான் இருக்கவேண்டும். ஏற்றிப் பார்த்தேன். குதிகாலில் மெல்லிய மடிப்பு மட்டும். விங்ஸுக்குள் விரல் போகவில்லை.

இப்போது கம்பியைப் பிடித்து, வகுப்பின் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் பாயின்ட். பெருவிரல் வலி இல்லை. தசைநாண் சிவப்பு முன்பே போய்விட்டது. நிமிர்ந்த முழங்காலோடு ஏறுவதில் இடது கால் தேறிவிட்டது, வலது கால் இன்னும் பின்தங்கியிருக்கிறது. அது சமமாகும்வரை கம்பியை விட்டு நடுத் தளத்துக்கு வரவேண்டாம் என்பதில் பாலே ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே கருத்து. கறுத்த நகம் கழன்று விழுந்தது. கால் பெருவிரலுக்குப் புது நகம் முழுதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும், அதுவரை பார்க்க நன்றாயிருக்காது என்று முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை.

ஒரே ரகத்தில் இரண்டு ஜோடி வாங்கி வந்திருக்கிறார்கள். ஒன்றை ஆடும்போது மற்றொன்று வலைப்பையில், மின்விசிறிக்கு நேரே, உறையையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தொங்கும். மொட்டைமாடிக்குத் தடை. பிளாஸ்டிக் பைக்கும் தடை.

பழைய ஜோடியில் வலது ஷூவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். வருகிற பெற்றோரிடம் அந்தக் குழியைக் காட்டினால் பத்து நிமிடப் பேச்சு மிச்சமாகிறது. இவளுக்கு அடுத்த அளவெடுப்பு கோடை விடுமுறையில். வயது 14, பாதம் இன்னும் வளரலாம்; வளர்ந்தால் சிங்கப்பூர் ஜோடிகளும் கழிவுக்குத்தான் போகும், அப்போதும் தொங்கும் காலில்தான் அளக்கவேண்டும் என்று அம்மாவிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.